காத்திருப்போர் எழுதுங் கடிதம்

நம் கல்லூரியன்னை விழாக் கொண்டாடும் இந்நன்னாளில், மலர்க் குழுவினர் எம்மிடமும் ஒரு கட்டுரை வேண்டினர். தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து இலக்கியக் கட்டுரையே வருமென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாமோ அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் அனுமதியைப் பற்றி எழுதப் புகுந்துள்ளோம். இஃது எமது துறைக்குப் புறம்பானதன்றோ என ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவாம். இக்கட்டுரையின் பொருள் மருத்துவம் அன்று, கடிதம். கடிதம் எழுதுதல் ஆறாம் வகுப்பு முதல் யாம் ஆண்டுதோறும் கற்பித்து வரும் பாடம். அப்பாடம் கடல் கடந்த ஒரு நாட்டிலே ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தொடும் நிலைக்கு வந்தமையை யாம் நேரிற் கண்டோம். கண்டதைக் கூறுதல் கடமையென எண்ணி இதனை எழுதுகின்றோம்.

எமக்குப் பல வகுப்பு மூத்தவரான பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவிலே குடும்பத்துடன் வாழ்கின்றார். சில ஆண்டுகளின் முன், மார்ச் மாதத்து இரவொன்றில், அவர் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகள் பட்டப் படிப்பை முடிக்கும் நிலையில் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருந்தாள். மூன்று கல்லூரிகள் அவளை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தன. மூன்றும் அவளை ஏற்கவுமில்லை, விலக்கவுமில்லை, காத்திருப்போர் பட்டியலில் வைத்தன. இந்நிலையில் உள்ளோர் கல்லூரிக்குக் கடிதம் எழுதுவது அந்நாட்டு வழக்கம். எழுதுவதா, எழுதினால் என்ன எழுதுவது என்பதிலே தந்தைக்கும் மகளுக்கும் கருத்து வேறுபட்டது.

“தம்பி, மூன்று இடத்துக்கும் ‘உங்கடை கல்லூரிதான் என்ரை முதல் விருப்பம், இடம் தந்தால் கட்டாயம் வருவன்’ எண்டு எழுதச் சொல்லுறன். பிள்ளை மாட்டாளாம். நீர் ஒருக்காச் சொல்லிப் பாரும். ஆர் கண்டுபிடிக்கப் போகினம்?” என்றார் அவர்.

அந்நாட்டு முறையை முழுதும் அறிந்த பின்னரே விடை கூறுவோம் என்றோம். அதன் பின் அவ்வீட்டாரிடமும், அங்கே மருத்துவராயுள்ள வேறு பழைய மாணவரிடமும் கேட்டும், கல்லூரிகள் தாமே வெளியிடும் அறிவுறுத்தல்களைப் படித்தும் அறிந்தவற்றை ஈண்டு முறைப்படுத்திக் கூறுவாம்.

அமெரிக்காவிலே மருத்துவக் கல்வி, நம் நாட்டிற்போல உயர்தரப் பரீட்சையின் பின் நேரே தொடங்குவதன்று. முதலிலே நான்காண்டுப் பட்டப் படிப்பு. அதன் பின் மருத்துவக் கல்லூரியில் மேலும் நான்காண்டு. விண்ணப்பதாரி தமது பட்டப் படிப்பின் பெறுபேறுகளோடு, எம்காற் என்னும் அனுமதிப் பரீட்சையின் புள்ளியையும் காட்டல் வேண்டும். 2015 ஆம் ஆண்டு முதல் அப்பரீட்சையின் புள்ளி 472 முதல் 528 வரையான அளவில் வழங்கப்படுகின்றது. இவற்றோடு ஆசிரியர்களின் சான்றுக் கடிதங்கள், நோயாளரிடையே தொண்டு செய்த அனுபவம், ஆராய்ச்சி, தம்மைப் பற்றித் தாமே எழுதும் கட்டுரை ஆகிய யாவும் நோக்கப்படும்.

எம். டி. பட்டம் வழங்கும் கல்லூரிகளுட் பெரும்பாலானவற்றிற்கு விண்ணப்பங்கள் அம்காஸ் என்னும் பொதுச் சேவை வழியாகச் செல்கின்றன. அதனை நடத்துவது 1876 இல் தோன்றிய அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம். ஒஸ்ரியோபதி மருத்துவக் கல்லூரிகளுக்கு வேறொரு சேவையும், ரெக்சாஸ் மாநிலத்துப் பொதுக் கல்லூரிகளுக்குப் பிறிதொரு சேவையும் உள. எம். டி. கல்லூரிகளுக்கு 2021 ஆம் ஆண்டு வகுப்பை நோக்கி விண்ணப்பித்தோர் 62,443 பேர். சேர்ந்தோர் 22,666 பேர். ஏறக்குறைய மூவருள் ஒருவர்க்கே இடம் என்பது இதனாற் பெறப்படும். ஆகவே, ஒருவரே பதினைந்துக்கு மேற்பட்ட கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது அங்கே இயல்பாயிற்று.

காத்திருப்போர் பட்டியல் ஏன் உண்டாகின்றது என்பதற்கு விடை இங்கேயே உளது. விண்ணப்பங்கள் மே, யூன் மாதங்களிலே செல்கின்றன. ஓகஸ்ட் அளவிலே நேர்முகப் பரீட்சைகள் தொடங்கி அடுத்த ஆண்டின் இளவேனில் வரை நடைபெறுகின்றன. ஒக்ரோபர் 15 முதல் கல்லூரிகள் சிறிது சிறிதாக இடங்களை வழங்கத் தொடங்கும். சிறந்த மாணவர் ஒருவர்க்கு நான்கைந்து கல்லூரிகள் இடம் அளித்தல் கூடும். அவர் சேரப்போவது ஒன்றிலேதான். எனினும் எதிலே சேர்வது எனத் துணியும் வரை ஏனைய இடங்களும் அவர் பெயரிலேயே கிடக்கும். சங்கத்தின் நடைமுறைப்படி, பல இடங்களைக் கையில் வைத்திருப்போர் ஏப்பிரல் 30 அளவிலே ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்றையவற்றை விட்டுவிடல் வேண்டும். அவ்வாறு விடப்பட்ட இடங்கள் காத்திருப்போர் பட்டியலில் உள்ளார்க்குச் செல்கின்றன. ஆதலின், ஏப்பிரல் இறுதியும் மே மாதமுமே பட்டியல் மிகுதியும் அசையுங் காலம். சிலர்க்கு வகுப்புத் தொடங்கும் யூலை, ஓகஸ்ட் மாதங்களிலும் அழைப்பு வருவதுண்டு.

இனி, கடிதத்துக்கு வருவாம். பொதுவாகக் கடிதம் என்று கூறினும், அது மூவகைப்படும். அவ்வேறுபாட்டை அறியாமையே பல பிழைகளுக்கு வித்தாகின்றது.

முதலாவது, செய்திக் கடிதம். விண்ணப்பம் அனுப்பிய பின்னர் நிகழ்ந்தவற்றை அறிவிப்பது. புதிய தவணையின் பெறுபேறு, வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரை, புதிதாக ஏற்ற தொண்டு, முடித்த பட்டம் என்பன இதிலே அடங்கும்.

இரண்டாவது, விருப்பம் தொடர்வதைக் கூறுங் கடிதம். ‘யான் இன்னும் காத்திருக்கின்றேன், தங்கள் கல்லூரியில் எனக்குள்ள விருப்பம் குறையவில்லை, அதற்குக் காரணங்கள் இவை’ என்று கூறுவது. இக்கடிதத்தைப் பல கல்லூரிகளுக்கும் எழுதலாம்; பல கல்லூரிகளில் ஒருவர்க்கு உண்மையான விருப்பம் இருத்தல் இயல்பே. செய்திக் கடிதமும் இதுவும் பெரும்பாலும் ஒன்றாகவே எழுதப்படும்.

மூன்றாவது, உறுதிக் கடிதம். ‘தாங்கள் இடம் அளிப்பின், வேறெங்கும் செல்லாது தங்களிடமே சேர்வேன்’ என வாக்களிப்பது. இதனை ஒரு கல்லூரிக்கு மாத்திரமே எழுதல் தகும். இதன் பொருளே ‘ஒன்று’ என்பதில் உளது. இரண்டு கல்லூரிகளுக்கு எழுதிய அப்பொழுதே ஒன்றேனும் பொய்யாகின்றது.

இக்கடிதங்களாற் பயன் உண்டா? இவ்வினாவுக்கு நம்மவரிடையே இருவகை விடைகள் வழங்குவதைக் கண்டோம். இரண்டும் நம் நாட்டு அனுபவத்திலிருந்து பிறந்தவை. இரண்டும் அந்நாட்டுக்குப் பொருந்தாதவை.

ஒரு சாரார், கடிதத்தால் ஆவது ஒன்றுமில்லை என்பர். நம் நாட்டிலே மருத்துவ பீட அனுமதி உயர்தரப் பரீட்சையின் பெறுபேற்றைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. 2001 இல் இசட் புள்ளி முறை வந்தது. நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட அடிப்படையிலும், ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என இடங்கள் பகுக்கப்படுகின்றன. வெற்றிடம் நிரப்பும்போதும் புள்ளி வரிசையே நோக்கப்படும். இம்முறையிலே, ‘எனக்கு மிக்க விருப்பம் உண்டு’ என்று ஒரு மாணவன் எழுதும் கடிதத்தை வைப்பதற்கு ஒரு கோவை தானும் இல்லை. புள்ளி பேசும், பிள்ளை பேசுவதில்லை. இம்முறையிற் பழகியவர்க்குக் கடிதம் வீண் முயற்சியாகத் தோன்றுவது வியப்பன்று.

மற்றொரு சாரார், கடிதம் என்றவுடனே செல்வாக்கு என எண்ணுவர். பெரிய மனிதர் ஒருவரைக் கண்டு, ‘நம்முடைய பிள்ளை’ என எழுதுவித்து, கதவைத் திறப்பிக்கும் முயற்சியே அவர்கள் அறிந்த கடிதம். தமக்குத் தெரிந்த மருத்துவர் நால்வரைக் கொண்டு கல்லூரிக்கு எழுதுவித்தால் நன்றன்றோ என எம்மிடம் வினாவியவரும் உளர். அமெரிக்கக் கல்லூரி வேண்டாத கடிதங்களை இவ்வாறு குவிப்பதனால் நன்மையில்லை. கேட்ட சான்றுக் கடிதங்கள் விண்ணப்பத்தோடு சென்றுவிட்டன. இப்பொழுது அக்குழு அறிய விரும்புவது விண்ணப்பதாரியைப் பற்றி. அவருடைய உறவினரைப் பற்றியன்று.

உண்மை இவ்விரண்டிற்கும் இடையிலே உளது. அனுமதிக் குழுவின் நிலையில் நின்று நோக்குவாம். மே மாதத்தில் ஓர் இடம் வெற்றிடமாகின்றது. பட்டியலிலே ஒத்த தகுதியுடையோர் பலர் உளர். ஒருவரை அழைத்து, அவர் விடை கூறும் வரை சில நாள் காத்திருந்து, அவர் மறுப்பின் அடுத்தவரை அழைத்தல் வேண்டும். இவ்வாறான நிலையிலே, ‘யான் இன்னும் விரும்புகின்றேன், அழைத்தால் வருவேன்’ எனத் தெளிவாகக் கூறியிருப்பவரை முதலில் அழைப்பது குழுவினர்க்கு எளிது. கடிதம் செய்யக்கூடியது இவ்வளவே. குறைந்த எம்காற் புள்ளியை அது கூட்டாது, நேர்முகப் பரீட்சையில் விடுத்த பிழையை அழிக்காது, தகுதியில்லாதவரைத் தகுதியுடையவராக்காது. ஒத்தவர் நடுவே நிற்பவரைச் சிறிது முன்னே நகர்த்தும்.

அன்றியும், எல்லாக் கல்லூரிகளிலும் அவ்வளவு இடமும் கடிதத்துக்கு இல்லை. சில கல்லூரிகள் காத்திருப்போரை இலக்கமிட்டு வரிசைப்படுத்தி, அவ்வரிசை பிறழாது அழைக்கின்றன. அங்கே கடிதத்தாற் பயன் சிறிது. வேறு சில, வரிசையின்றி ஒரு கூட்டமாகவோ சில தரங்களாகவோ வைத்து, வெற்றிடம் வருந்தோறும் மீண்டும் ஆராய்கின்றன; அங்கே கடிதம் படிக்கப்படுதல் கூடும். இன்னுஞ் சில, ‘எவ்விதக் கடிதமும் அனுப்பற்க’ என வெளிப்படையாகவே அறிவித்துள்ளன.

ஆகவே, எழுத வேண்டுமா என்னும் வினாவுக்கு எமது விடை இது: கல்லூரி இசைவு தருமாயின், கூறுவதற்கு உண்மையான பொருள் இருக்குமாயின், எழுதல் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று இல்லையாயினும் எழுதாமை நன்று.

இரண்டாவது நிபந்தனையை யாம் கற்றது எமது சொந்தத் தவறினாலேயே. ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த இளமைக் காலத்திலே, விடை வாராமையாற் பொறுமையிழந்து, ஓர் அலுவலகத்துக்கு மாதம் ஒன்றாக ஐந்து கடிதங்கள் எழுதினோம். ஐந்தாவதன் பின்னும் விடை வரவில்லை. நேரிற் சென்றபோது, வயது முதிர்ந்த எழுதுவினைஞர் ஒருவர் எமது கோவையை எடுத்து விரித்தார். ஐந்து கடிதங்களும் ஒழுங்காகக் கோக்கப்பட்டிருந்தன. “தம்பி, ஐந்திலும் ஒரே விசயந்தானே கிடக்குது. ஒண்டைப் படிச்ச ஆள் மற்ற நாலையும் ஏன் படிக்க வேணும்?” என்றார். எமக்கு வெட்கம் உண்டாயிற்று. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எமது ஐந்து கடிதங்களும் ‘எனக்கு அவசரம்’ என்னும் ஒரு செய்தியையே கூறின. எமது அவசரம் எமக்குப் பெரிது. அக்கோவைக்கு அது செய்தியன்று.

ஆதலின், கடிதம் எழுதுவோர் கைக்கொள்ள வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுவாம். முதற்கண், கல்லூரியின் அறிவுறுத்தலைப் படித்தல் வேண்டும். கடிதம் ஏற்கப்படுமா, எத்தனை ஏற்கப்படும், கல்லூரியின் கணினித் தளத்திலே இடுவதா மின்னஞ்சலில் அனுப்புவதா, எத்தனை பக்கம் என்பன அங்கே கூறப்பட்டிருக்கும். வேண்டாம் என்ற கல்லூரிக்கு எழுதுதல், விருப்பத்தைக் காட்டுவதன்று. அறிவுறுத்தலைப் பின்பற்ற இயலாமையைக் காட்டுவது. மருந்துச் சீட்டை ஒழுங்காகப் படிக்க வேண்டியவர்க்கு அது நல்ல அறிமுகமாகாது. காத்திருப்போர் பட்டியலில் இருக்க இசைகின்றீரா எனக் கல்லூரி கேட்பின், அதற்கு உடனே விடையிறுத்தல் கடிதத்தினும் முக்கியம்.

அடுத்து, காலம். பட்டியலில் வைக்கப்பட்ட செய்தி கிடைத்த சில வாரங்களுள் ஒரு கடிதம் போதும். ஏப்பிரல் இறுதியிலே, இடங்கள் அசையுமுன், புதிய செய்தி இருப்பின் மற்றொன்று எழுதலாம். செய்தியின்றி வாரந்தோறும் எழுதுவோர், யாம் அன்று அவ்வலுவலகத்திலே இருந்த நிலையை அடைவர்.

மூன்றாவதாக, அளவும் அமைப்பும். ஒரு பக்கத்தின் மேற் போகலாகாது. பெயரும் விண்ணப்ப இலக்கமும் தலைப்பிலே இருத்தல் வேண்டும். முதற் பந்தியிலே நன்றியும் கடிதத்தின் நோக்கமும்; இரண்டாம் பந்தியிலே புதிய செய்தி; மூன்றாம் பந்தியிலே அக்கல்லூரியை விரும்புவதற்கான காரணம்; இறுதியில் ஒரு வரி முடிவு. அனுமதிக்குழு முடிவைக் குறை கூறுதல், தம் துன்பத்தைச் சொல்லி இரத்தல், வேறு கல்லூரிகள் தம்மை விரும்புவதாக அச்சுறுத்தல் ஆகிய மூன்றும் விலக்கற்பாலன.

நான்காவதாக, சொல்லும் பொருளும். வகுப்பிலே யாம் அடிக்கடி கூறுவது இது: எவர் எழுதினும் பொருந்தும் வாக்கியம் எவரையும் பற்றிக் கூறுவதன்று. ‘தங்கள் கல்லூரி உலகப் புகழ் வாய்ந்தது, அங்கே கற்பது என் வாழ்நாட் கனவு’ என்னும் வாக்கியத்திலே கல்லூரியின் பெயரை மாற்றி நூறு கல்லூரிகளுக்கு அனுப்பலாம். அவ்வாறு அனுப்புவோர் சிலர் பெயரை மாற்ற மறந்து, ஒரு கல்லூரிக்கு மற்றொரு கல்லூரியைப் புகழ்ந்து எழுதிவிடுவதும் உண்டு. இதற்கு மாறாக, ‘நேர்முகப் பரீட்சை நாளிலே, முதலாம் ஆண்டு மாணவர் வறியோர்க்கான மாலை நேர மருத்துவ நிலையத்திலே பணி செய்வதைக் கேட்டறிந்தேன். கடந்த நான்கு மாதங்களாக அத்தகைய நிலையமொன்றிலே மொழிபெயர்ப்பாளராக இருக்கின்றேன். அப்பணியை அங்கே தொடர விரும்புகின்றேன்’ என்று எழுதினால், அது ஒருவர் ஒரு கல்லூரிக்கு எழுதியது. புதிய செய்தியும், விருப்பத்தின் காரணமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை நோக்குக. இக்காலத்திலே கணினி தானே கடிதம் எழுதித் தருகின்றது. அது தரும் வாக்கியங்கள் பிழையற்றவை. ஆயினும் நேர்முகப் பரீட்சையன்று அப்பிள்ளை கண்டதைக் கணினி காணவில்லை.

ஐந்தாவதாக, பெற்றோர்க்கு ஒரு சொல். கடிதத்தைப் பிள்ளையே எழுதல் வேண்டும். தந்தை கல்லூரிக்கு எழுதுவதும், தொலைபேசியில் வினாவுவதும் அன்பினால் விளைவன என அறிவோம். எனினும், நாளை பிறர் உயிரைத் தாங்க வேண்டிய ஒருவர் தமது காரியத்தைத் தாமே பேச இயலாதவரோ என்னும் ஐயத்தையே அவை எழுப்பும். வீட்டார் செய்யத்தக்கது, எழுதியதை ஒருமுறை படித்து, எழுத்துப் பிழை இருப்பின் காட்டுவதே.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னர், அப்பழைய மாணவரின் வினாவுக்கு விடை கூற வேண்டியவரானோம். மூன்று கல்லூரிகளுக்கும் உறுதிக் கடிதம் எழுதினால் என்ன? அவர் கூறியது உலகியல் முறையில் முற்றும் தவறன்று. உறுதிக் கடிதம் சட்டத்தாற் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அன்று. மூன்று கல்லூரிகளுக்கும் எழுதிய ஒருவரை எவரும் நீதிமன்றத்துக்கு அழையார். பிறரும் அவ்வாறு எழுதுவரெனின், நம் பிள்ளை மாத்திரம் ஏன் பின்னிற்றல் வேண்டும்? ஒரு தந்தையின் அச்சத்திலே இவ்வினா எழுவதை யாம் உணர்ந்தோம். தம் மகள் மேலும் ஓராண்டு காத்திருக்க நேருமோ என்னும் துயரம் அவர் குரலில் இருந்தது.

ஆயினும் யாம் கூறியது இது. ஒருவரின் சொல் ஓரிடத்தையே குறிக்கும் என்னும் நம்பிக்கையின் மேலேதான் அக்கடிதத்தின் மதிப்பு நிற்கின்றது. அந்நாட்டு முறையிலும் அந்நம்பிக்கைக்கு இடமுண்டு. அம்காஸ் வழியிலே முன்கூட்டிய தீர்மானம் என ஒரு திட்டம் உளது. அதன்கீழ் விண்ணப்பிப்பவர் முதலில் ஒரே கல்லூரிக்கே விண்ணப்பித்து, அது ஏற்பின் அங்கேயே சேரக் கடமைப்பட்டவராவர். இடம் பெற்றோர் தம் கருத்தைப் பதியுமிடத்திலும், ‘சேர எண்ணுகின்றேன்’ என ஒன்றும், ‘சேர உறுதி கூறுகின்றேன்’ என ஒன்றும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. முதலாவதைக் கூறுபவர் பிற பட்டியல்களில் இருக்கலாம். இரண்டாவதைக் கூறுபவர் ஏனைய யாவற்றையும் விட்டுவிடல் வேண்டும். எண்ணுதல் வேறு, உறுதி கூறுதல் வேறு என்பதை அவர்கள் இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்க, நாம் அவ்விரண்டையும் ஒன்றாகக் கலத்தல் தகுமா?

இதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. மருத்துவரின் தொழில் முழுவதும் சொல்லின் மேலே நடப்பது. ‘இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்தேன், அஞ்சற்க’ என மருத்துவர் கூறும்போது, அவர் பார்த்தாரா என நோயாளி சோதிக்க இயலாது. யார் கண்டுபிடிக்கப் போகின்றார் என்னும் வினாவுக்கு அங்கேயும் ‘ஒருவருமில்லை’ என்பதே விடை. பல நாட்களில், பல படுக்கைகளின் அருகே, அவ்வினா மருத்துவரின் மனத்தில் எழும். அதற்கு அவர் கூறும் விடையிலே ஓர் உயிர் தங்கியிருத்தல் கூடும். அத்தொழிலினுள் நுழையும் வாயிலிலேயே அவ்வினாவுக்குத் தவறான விடையைப் பழகுதல் நன்றன்று. “அண்ணை, பிள்ளை மாட்டேன் என்றது அவள் மருத்துவத்துக்குத் தகுந்தவள் என்பதற்கு ஓர் அத்தாட்சி, அதனைக் கெடுக்க வேண்டாம்” என்றோம். மறுமுனையிலே சிறிது நேரம் பேச்சில்லை. பின், “சரி தம்பி, அவளே எழுதட்டும்” என்றார்.

அவள் எழுதினாள். தான் முதன்மையாக விரும்பிய கல்லூரிக்கு உறுதிக் கடிதம் ஒன்று. இரண்டாவது கல்லூரிக்கு, விருப்பம் தொடர்வதையும் புதிய செய்தியையும் கூறுங் கடிதம். அதிலே ‘முதல் விருப்பம்’ என்னும் சொல் இல்லை. மூன்றாவது கல்லூரி கடிதங்களை ஏற்பதில்லை என அறிவித்திருந்தமையால், அதற்கு ஒன்றும் எழுதவில்லை. உறுதி கூறிய கல்லூரி அவளை இறுதிவரை அழைக்கவில்லை. யூன் மாதத்திலே இரண்டாவது கல்லூரி அழைத்தது, மகிழ்ந்து சேர்ந்தாள். கடிதத்தினாலேதான் அவ்விடம் கிடைத்தது என யாம் கூறமாட்டோம். அக்குழுவின் அறையிலே என்ன பேசப்பட்டது என்பதை எவர் அறிவார்? ஒன்று மாத்திரம் கூறுவோம். தன்னை ஏற்ற கல்லூரிக்குள் அவள் நுழைந்தபோது, அதற்குத் தான் எழுதிய ஒரு வரியையேனும் மறைக்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.

வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் இன்னொன்றையும் மனங்கொள்ளல் வேண்டும். இங்கே கூறியவை அமெரிக்க நாட்டு வழக்கு. ஐக்கிய இராச்சியத்திலே விண்ணப்பங்கள் யூகாஸ் என்னும் சேவை வழியாகச் செல்கின்றன. அங்கே மருத்துவத்துக்கு நான்கு கல்லூரிகளையே தெரியலாம். அமெரிக்க நாட்டினுள்ளேயே ரெக்சாஸ் மாநிலத்துப் பொதுக் கல்லூரிகள், விண்ணப்பதாரி தரும் விருப்ப வரிசையையும் கல்லூரி தரும் வரிசையையும் பொருத்திப் பார்க்கும் முறையொன்றைக் கையாளுகின்றன. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்வோர் அவ்வந்நாட்டு முறையை அங்கேயே கேட்டறிதல் வேண்டும். ஓரிடத்து வழக்கத்தை மற்றோரிடத்திலே நாட்டுதல், நெல் விதைக்கும் நிலத்திலே புகையிலை நடுவது போலாகும்.

இங்கே பயிலும் எம் மாணவர்க்கு இதனாற் பயன் யாது? அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பல, தம் நாட்டுக் குடிகளும் நிரந்தர வதிவிட உரிமையுடையோரும் அல்லாதாரை ஏற்பதில்லை. ஆதலின், உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவன் இசட் புள்ளியையே நோக்கி உழைப்பானாக. எனினும், புலமைப் பரிசிலுக்கோ, தொழிலுக்கோ, மேற்படிப்புக்கோ ஒருநாள் அவனும் விண்ணப்பித்துக் காத்திருப்பான். அந்நாளில், கேட்டதையே மீண்டும் கேளாது புதியதைக் கூறவும், எல்லார்க்கும் பொருந்துவதை விடுத்துத் தனக்கே உரியதை எழுதவும், நிறைவேற்ற எண்ணியதற்கு மாத்திரம் உறுதி கூறவும் அவன் அறிந்திருப்பானாயின், இக்கட்டுரை எழுதிய பயனை யாம் பெற்றவராவோம்.

ஆறாம் வகுப்பிலே கடிதம் கற்பிக்கும்போது, விலாசம், திகதி, விளிப்பு, பொருள், கையொப்பம் என ஐந்து உறுப்புகளைக் கரும்பலகையில் எழுதுவோம். கையொப்பத்தை ஏன் இறுதியில் இடுகின்றோம் எனச் சென்ற தவணையிலே சிறுவன் ஒருவன் வினாவினான். மேலே எழுதிய யாவற்றிற்கும் நானே பொறுப்பு எனக் கூறுவதற்கே என்றோம். அச்சிறு விடையே இந்நீண்ட கட்டுரையின் சாரமுமாம்.

நம் கல்லூரியன்னை இன்னும் பல விழாக்கள் கண்டு நீடு வாழ்க. அவள் மக்கள் எந்நாட்டிலிருப்பினும் தம் சொல்லாற் சிறப்பெய்துக.